டர்ட் பைக் சஸ்பென்ஷன்: உங்கள் எடைக்கு எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

சிங்கப்பூரில் டர்ட் பைக் ஓட்டுகிற நம்மவர்களிடம் சஸ்பென்ஷன் என்று வாயெடுத்தால், பேச்சு நேராக ஓலின்ஸ் என்ற விலையுயர்ந்த சஸ்பென்ஷன் பிராண்டில் போய் நிற்கும். தங்க நிற ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்), மஞ்சள் ஸ்பிரிங், ஆயிரக்கணக்கில் வெள்ளி. அதே ஆளிடம், "உங்க வண்டியில ஸ்டேட்டிக் சேக் எவ்வளவு அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். (ஆள் ஏறாமல் வண்டி தன் பாரத்தில் அமுங்கும் அளவுதான் ஸ்டேட்டிக் சேக்.) என் கட்சி இதுதான்: எடைக்கேற்ற ஸ்பிரிங் போடாத விலையுயர்ந்த ஷாக்கைவிட (பின்சக்கர அதிர்வைத் தாங்கும் பாகம்), எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்ட கம்பெனி ஷாக் மேல். எந்த ஸ்பிரிங் வேண்டும் என்பதை ஓர் அளவு டேப்பை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நமக்கு இங்கே ஓட்ட இடம் கிடையாது. பாலம் தாண்டி ஜோகூர் போகிறோம். கூலாய், கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டங்கள். செம்மண், மழை பெய்தால் வழுக்கல், குறுக்கே கிடக்கும் மட்டைகள், வேர்கள், தோட்டத்து வாய்க்கால்கள். வேகம் குறைவு, பிடிமானம் அதைவிடக் குறைவு. மோட்டோகிராஸ் திடலில் பறந்து இறங்குகிறவருக்கு எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

தொழிற்சாலை நினைத்த ஆள் நீங்கள்தானா?

எந்தக் கம்பெனியும் ஒரு ஆளை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடும். கேடிஎம் எண்டியூரோ (காட்டுத்தடத்தில் நீண்ட நேரம் ஓட்டும் ரகம்) வண்டிகளின் கையேட்டில் 75 முதல் 85 கிலோ என்று எழுதியே இருக்கும். ஹோண்டா சிஆர்எஃப்300எல் மாதிரி சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டிகளில் ஸ்பிரிங் இன்னும் மென்மை. நம் கூட்டத்திலோ 58 கிலோ தம்பியும் இருக்கிறார், 95 கிலோ அண்ணனும் இருக்கிறார். இருவரும் அதே வண்டியை அதே அமைப்பில் ஓட்டிவிட்டு, ஒருவர் "கல்லு மாதிரி இருக்கு" என்பார், இன்னொருவர் "தொட்டில் மாதிரி ஆடுது" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

எடை என்று நான் சொல்வது காலையில் குளித்துவிட்டு நிற்கும் எடை அல்ல. பூட்ஸ், ஹெல்மெட், மார்புக் கவசம், முட்டிக் கவசம், இடுப்புப் பையில் கருவிகள், முதுகில் தண்ணீர்ப்பை எல்லாம் சேர்த்தால் 10 கிலோ பக்கம் வரும். 3 லிட்டர் தண்ணீர் என்றாலே 3 கிலோ. ஜோகூர் வெயிலில் அதைக் குறைக்கவும் முடியாது. அதனால் அளக்கும்போது எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான் அளக்க வேண்டும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டோடும் தண்ணீர்ப்பையோடும் நகராமல் உட்கார்ந்திருந்தால் போகிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும்.

டேப் சொல்வதைக் கேளுங்கள்

வண்டி தன் பாரத்திலும் உங்கள் பாரத்திலும் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் சேக். பின்பக்கத்துக்கு மூன்று அளவு வேண்டும். முதலில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வையுங்கள். அச்சின் நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி, அதுவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல் அதே அளவு. கடைசியாக முழு உடுப்போடு ஏறி, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, வழக்கமாக ஓட்டும் நிலையில் இருக்கும்போது அதே அளவு. ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, ஒருவர் அளக்க, ஆக இரண்டு பேர் உதவிக்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தை அழுத்தி, மெல்ல மேலே வரவிட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் சீல்களின் உராய்வு உங்களை ஏமாற்றிவிடும்.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஸ்டேட்டிக் சேக். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ரேஸ் சேக். பின்பக்கம் 300 மி.மீ. அளவுக்கு ஓட்டம் (சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்த தூரம்) உள்ள வண்டிகளில் ரேஸ் சேக் 100 முதல் 105 மி.மீ., ஸ்டேட்டிக் 30 முதல் 40 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படி போங்கள். ஓட்டம் குறைந்த வண்டியென்றால் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ரேஸ் சேக்கை வையுங்கள். சிஆர்எஃப்300எல்லில் 260 மி.மீ. இருக்கிறது, அதற்கு 80 மி.மீ. பக்கம்.

இனி முக்கியமான இடம். பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் வளையம்) திருகி ரேஸ் சேக்கை 100-க்குக் கொண்டுவருவதை எல்லோரும் செய்துவிடுவார்கள். அதோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு. 95 கிலோ அண்ணனை எடுத்துக்கொள்வோம். முதல் அளவு 610, ஆள் ஏறாமல் 588, ஏறினால் 508. ரேஸ் சேக் 102, பார்க்க அழகாக இருக்கிறது. ஸ்டேட்டிக்கோ வெறும் 22. பாரத்தைத் தாங்க ஸ்பிரிங்கை அவ்வளவு இறுக்கியிருக்கிறார், அதனால் ஆள் இறங்கியதும் வண்டி துள்ளி மேலே போய் நிற்கிறது. அவருக்கு ஸ்பிரிங் மென்மை, கடினமானது வேண்டும். 58 கிலோ தம்பிக்கு 610, 561, 510 என்று வருகிறது. ரேஸ் சேக் சரியாக 100. ஸ்டேட்டிக் 49. பிரீலோடை அவிழ்த்து விட்டதால் வண்டி தன் பாரத்திலேயே அந்த 100-இல் பாதி அமுங்கிவிடுகிறது, அவர் ஏறியும் பெரிதாக இறங்கவில்லை. அவருக்கு ஸ்பிரிங் கடினம்.

ஸ்டேட்டிக் குறைவு என்றால் இப்போது இருக்கிற ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை, அதிகம் என்றால் கடினம். கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும், ஆனால் காரணம் எளிது. இரண்டு சேக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் உடம்பு மட்டும் அமுக்கிய தூரம். அண்ணனுக்கு அது 80, தம்பிக்கு 51, இருக்க வேண்டியது 65 முதல் 70. பிரீலோடை எவ்வளவு திருகினாலும் இந்த வித்தியாசம் பெரிதாக மாறாது. தொளதொள கால்சட்டைக்குப் பெல்ட்டை இறுக்குகிற கதைதான்: இடுப்பில் நிற்கும், அளவு என்னவோ பழைய அளவே.

காசில்லாமல் ஆகிற வேலை

ஸ்டேட்டிக், ரேஸ் இரண்டும் எல்லைக்குள் வந்துவிட்டதா? அப்படியென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், எதையும் வாங்க வேண்டாம். 70 முதல் 85 கிலோ வரை இருக்கிற பலருக்கு ஐரோப்பிய எண்டியூரோ வண்டிகளில் இதுதான் நடக்கும். மீதி வேலையைக் கிளிக்கர்கள் (ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் உள்ள திருகுகள்) பார்த்துக்கொள்ளும்.

கிளிக்கரை வலப்பக்கமாக மெதுவாக, முட்டும்வரை திருகி, அங்கிருந்து வெளியே எண்ணுங்கள். எண்ணியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மட்டும். கம்பிரஷன் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், ரீபவுண்ட் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். செம்பனைத் தோட்டத்து வேர்களுக்குக் கம்பிரஷனைக் கொஞ்சம் திறந்து வைப்பதுதான் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கும் வழி. வரிசையாக வரும் குழிகளில் பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் மிகவும் மூடியிருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் உங்களைத் தூக்கி எறிந்தால் திறந்திருக்கிறது.

கிளிக்கருக்கு எடையைத் தாங்கத் தெரியாது. ஆள் கனம் என்று கம்பிரஷனை முழுக்க மூடி வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நின்றபடி இருக்கும்போது வண்டி எவ்வளவு தாழும் என்பதை அது ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாது. வேரில் அடிபடும்போது மட்டும் கையை உடைக்கும்.

சஸ்பென்ஷன் மாதிரி நடிக்கும் கோளாறுகள்

டயர் காற்று முதல் சந்தேக நபர். ட்யூபும் ரிம்லாக்கும் (டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் பூட்டு) உள்ள வண்டியை சாலைக்கான காற்றழுத்தத்தோடே தோட்டத்துக்குள் இறக்கிவிட்டு, "முன்பக்கம் வழுக்குது" என்றால் ஃபோர்க் என்ன செய்யும்? 12 முதல் 14 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள், இரண்டு கிளிக்கைவிட அது பெரிய மாற்றம்.

அடுத்து லிங்கேஜ் (ஷாக்கைப் பின்சக்கரத்துக் கரத்தோடு இணைக்கும் நெம்பு) பேரிங். நம் வண்டிகள் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் குளிக்கின்றன. அப்புறம் ஈரக் காற்றில் வாரக் கணக்கில் நிற்கின்றன. ஷாக்கைக் கழற்றி, ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கரம்) கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சொரசொரவென்று பிடித்துப் பிடித்துப் போனால், கிரீஸ் வற்றித் துருப்பிடித்துவிட்டது. அந்த நிலையில் எடுக்கும் சேக் அளவுகூடப் பொய். கேடிஎம் பிடிஎஸ் (ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் மாட்டும் அமைப்பு) வண்டிக்காரர்களுக்கு லிங்கேஜே கிடையாது, இந்தத் தலைவலி இல்லை.

முன்பக்கத்தில் ஒரு சின்ன விஷயம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஃபோர்க் திடீரென்று கரடுமுரடாகிவிட்டதா? அச்சைப் பிடிக்கும் ஒரு பக்கத்து போல்ட்களைத் தளர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, பிறகு இறுக்குங்கள். இரண்டு கால்களும் இணையாக நின்றால்தான் வழுவழுவென்று இறங்கும்.

ஃபோர்க் எண்ணெயையும் மறக்க வேண்டாம். பழைய எண்ணெய் மெலிந்து, கறுத்து, டேம்பிங்கை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சக்தியை, குறைத்துவிடும். பழைய வண்டியை வாங்கியவர் எண்ணெயை மாற்றாமலேயே ஸ்பிரிங் தேடக் கூடாது.

ஸ்பிரிங்: என் ஓட்டு இதற்குத்தான்

டேப் பாஸ் ஆக்கவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்றுங்கள். முன்னுக்கு ஒரு ஜோடி, பின்னுக்கு ஒன்று. மொத்தமே சில நூறு வெள்ளி, முழு ஷாக்கின் விலையில் ஒரு பகுதிதான். ஃபோர்க் ஸ்பிரிங் 4.2, 4.4 என்று நியூட்டன்/மி.மீ. கணக்கிலோ 0.42, 0.44 என்று கிலோ/மி.மீ. கணக்கிலோ வரும். பத்தால் வகுத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும் (துல்லியமாக 9.81). பெட்டியில் எந்தக் கணக்கு என்று பார்த்து வாங்குங்கள். பின் ஸ்பிரிங் எண்ணை வேறு மாடலோடு ஒப்பிடவே கூடாது. லிங்கேஜ் வண்டியின் எண்ணும் பிடிஎஸ் வண்டியின் எண்ணும் வேறு வேறு உலகம்.

பின்னை மட்டும் மாற்றிவிட்டு முன்னை "பிறகு பார்க்கலாம்" என்று விடுகிறவர்கள் அதிகம். ஆள் கனமாக இருந்து பின்பக்கத்தை மட்டும் தூக்கினால், மென்மையான முன்பக்கம் முன்னே கவிழும், இறக்கத்தில் பிரேக் போட்டால் பயம் காட்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் காத்திருந்து இரண்டையும் சேர்த்து மாற்றுவது மேல்.

கடினமான ஸ்பிரிங் அதிக விசையோடு திருப்பி உதைக்கும், ஆகவே ரீபவுண்டைச் சில கிளிக் மூட வேண்டியிருக்கும். மென்மையான ஸ்பிரிங்குக்கு எதிர்மாறு. ஒன்றிரண்டு படி மாற்றத்தைக் கிளிக்கர் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் உள்ளே வால்வையே தொட வேண்டும்.

ரீவால்வ் யாருக்கு?

கனமான அண்ணனுக்கும் லேசான தம்பிக்கும் இங்கேதான் பாதை பிரிகிறது. அண்ணன் ஸ்பிரிங் போட்டு, ரீபவுண்டைச் சரிசெய்ததோடு பெரும்பாலும் திருப்தியாகிவிடுவார். தோட்டத்து வேகத்தில் கம்பெனி வால்வு அவருக்குப் போதும். தம்பிக்கு அப்படியில்லை. மென்மையான ஸ்பிரிங் போட்டு, கம்பிரஷன் கிளிக்கரை முழுக்கத் திறந்த பிறகும் வேர்களில் முன்சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கலாம். உள்ளே இருக்கும் தண்டு, அதாவது ஷாஃப்ட், மெதுவாக நகரும்போதுதான் கிளிக்கர் ஆளும். வேரில் அடிக்கும்போது ஷாஃப்ட் படீரென்று நகர்கிறது. வண்டி நடை வேகத்தில் போனாலும் அப்படித்தான். அந்த வேகத்தைக் கையாள்வது பிஸ்டன் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள். அதை மாற்றி அடுக்குவதுதான் ரீவால்வ்.

ஒரு நைலான் டையை ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில், சீலை ஒட்டிக் கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வழக்கமான தடத்தின் மோசமான குழிக்குப் பிறகும் பாதி ஓட்டம் மிச்சமிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபோர்க்கில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். தினமும் அடிமட்டம் தட்டினால் அது வேறு கதை. எண்ணெயைச் சற்றே கூட்டினால், உள்ளே காற்றறை சுருங்கி, கடைசிப் பகுதி மட்டும் இறுகும். இது ரீவால்வைவிட மலிவு.

மோட்டோகிராஸ் வண்டியை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் ரீவால்வ்தான் மருந்து. அந்த வால்வு தாவலுக்குச் செய்தது. 75 கிலோ ஆளுக்குக்கூட வேரில் கையை நடுங்க வைக்கும். ரீவால்வின் ஒரே குறை, அது செய்கிறவரின் கையைப் பொறுத்தது. ஷாக்கில் நைட்ரஜன் நிரப்ப வேண்டும், 10 பார் அளவுக்கு. அதற்கான கருவி இருக்கிறதா, எத்தனை எண்டியூரோ வண்டி செய்திருக்கிறார், சரியில்லை என்றால் திருப்பிச் செய்வாரா என்று முதலில் கேளுங்கள். ஜோகூரில் கூலி ரிங்கிட்டில் என்பதால் மலிவு, ஆனால் திருத்தம் வேண்டுமென்றால் மறுபடியும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் பழகிய கை இருக்கும் பக்கம்தான் போவேன், நூறு வெள்ளி வித்தியாசத்துக்காக அல்ல.

முழு ஷாக்கும் கார்ட்ரிட்ஜும்

ஓலின்ஸ், கே-டெக், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் எல்லாம் நல்ல பொருள்தான். ஆனால் அவை தேவைப்படுவது ஒரு கூட்டத்துக்குத்தான். சிஆர்எஃப்300எல் வைத்திருப்பவர்கள் அதில் முதல். 142 கிலோ வண்டி, முன்ஃபோர்க்கில் திருக ஒன்றும் இல்லை, பின்ஷாக்கில் பிரீலோட் மட்டும். ஆள் 90 கிலோ என்றால், ஸ்பிரிங் போட்ட பிறகு அதை அடக்க ரீபவுண்ட் கிளிக்கரே கிடையாது. அங்கே முழு ஷாக் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஃபோர்க்குக்கு முதலில் ஸ்பிரிங், போதாவிட்டால் கார்ட்ரிட்ஜ் (ஃபோர்க்குக்குள் மாட்டும் டேம்பிங் தொகுதி). வாங்கும்போது உங்கள் முழு உடுப்பு எடையைச் சொல்லி, அந்த எடைக்கு ஸ்பிரிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் ஆன்லைனில் வாங்கினால் பழைய பிரச்சினை புது நிறத்தில் வரும்.

சிங்கப்பூர்ப் பதிவெண் உள்ள வண்டியென்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளை வாங்குவதற்கு முன்பே பாருங்கள், பரிசோதனைக்குப் போகும்போது அல்ல. ஏற்கெனவே முழு கிளிக்கர் உள்ள எண்டியூரோ வண்டிக்காரர் வார இறுதித் தோட்டச் சவாரிக்கு முழு ஷாக் வாங்குவது, என் கண்ணுக்கு, அழகுக்குத்தான். அழகுக்கு வாங்குவது குற்றமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கால் எட்டாதவர்களுக்கு

லேசான ஆட்கள் பலர் உயரமும் குறைவு. சிஆர்எஃப்300எல்லின் சீட்டே 880 மி.மீ., எண்டியூரோ வண்டிகள் 950-ஐத் தாண்டும். உடனே லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) வாங்குவார்கள். அது நெம்பு விகிதத்தை மாற்றுவதால் பின்பக்கம் மென்மையாகும், தரையிடைவெளி குறையும், வாய்க்கால் விளிம்பில் அடி தட்டும். ஸ்பிரிங் கடினமாக இருக்கிற தம்பிக்கு அந்த மென்மை கொஞ்சம் உதவுவது போலத் தோன்றும், ஆனால் முன்பக்கம் பழைய உயரத்திலேயே நின்று வண்டி நிமிர்ந்துகொள்ளும். முதலில் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு சேக்கைச் சரியாக்கினாலே வண்டி அவருக்குக் கீழே அமரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் சீட் நுரையைச் செதுக்குங்கள். அதுவும் போதாவிட்டால், ஷாக்குக்கும் ஃபோர்க்குக்கும் உள்ளே ஸ்பேசர் வைத்து இரண்டு பக்கமும் சமமாக இறக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, எண்ணெய் தடவிப் பையில் கட்டி ஸ்டோர் ரூமில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் உங்கள் எடையில் இருக்கப் போவதில்லை. அவருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் பேரத்தில் வாய் திறக்கலாம்.